ரய்யான்: தாகம் தீர்ந்தவனின் பெயர்

கேள்வி: யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்து எழுதுகிறேன். மகன் பிறந்து இன்றைக்கு 19 நாள். ‘ரயான்’ என்று பெயர் வைக்க நானும் கணவரும் நினைத்திருக்கிறோம். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் ‘சுவர்க்கத்தின் வாசல்’ என்கிறார்கள், இன்னோரிடத்தில் ‘சிறிய ராசா’, வேறோரிடத்தில் ‘நறுமணம்’. மாமி முன்னால் ‘அப்துர்’ சேர்க்கச் சொல்கிறா. இல்லையென்றால் மௌத்தான மாமாவின் பெயரை, ‘ஸாஹிர்’ என்று, வைக்கட்டாம். கனடாவில் இருக்கும் கணவரின் தம்பி, ஆங்கிலத்தில் வெள்ளைக்காரர் எழுதுகிற மாதிரி ஆர்-வை-ஏ-என் என்று எழுதினால் பிள்ளைக்குப் பிறகு சுகம் என்கிறார். இப்ப எல்லா வீட்டிலும் ரயான்தானாம், அதுவும் யோசனையாக இருக்கிறது. பெயர் வைக்கும் ஏழாம் நாளும் தாண்டிவிட்டது. என்ன செய்வது?

பதில் தருபவர்: அரபு–தமிழ் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைக்கு நீண்ட ஆயுளும் சுகமும் கிடைக்கட்டும்.

நீங்கள் தெரிந்தெடுத்தது நல்ல பெயர். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் எழுத்தில் ஒரு குறை இருக்கிறது. அதைப் பதிவுக்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். முதலில் கருத்தைப் பார்ப்போம்.

அரபியில் இந்தப் பெயர் நான்கே எழுத்து: றா, யா, அலிஃப், நூன். யாவின் மேலே ஒரு ஷத்து, அதாவது எழுத்தை இரட்டிக்கும் குறி, உண்டு. அந்த ஷத்து இருப்பதால்தான் ‘ரயான்’ அல்ல, ‘ரய்-யான்’ என்று யகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வேர் எழுத்துகள் றா, வாவ், யா. தண்ணீர் குடித்துத் தாகம் அடங்குவதைக் குறிக்கும் வேர் இது. ‘ரவ்யான்’ என்று வரவேண்டிய சொல்லில் வாவ் யாவோடு கலந்து யாவே இரட்டித்துவிட்டது. ஷத்து வந்த காரணம் அதுதான். ‘அத்ஷான்’ என்றால் தாகித்தவன். அதற்கு நேர் எதிர்ச்சொல் ‘ரய்யான்’, தாகம் தீர்ந்தவன், நீர் நிறைந்தவன். நீர் குடித்துப் பச்சைப்பசேலென்று நிற்கும் செடியையும் அரபிகள் ரய்யான் என்பார்கள். வற்றாத ஆறில்லாத ஊரில், நன்னீர்க் கிணறு எது, உவர்க்கிணறு எது என்று பார்த்துப் பார்த்து வாழ்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கருத்து கிடைக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வேரின் சொற்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. ஹதீஸை, அதாவது நபிமொழியை, அறிவிப்பவரை ‘ராவி’ என்கிறோம் அல்லவா? ‘ராவியா’ என்றால் பழைய அரபியில் தண்ணீர் சுமக்கும் ஒட்டகம். கவிதையை மனனமாகச் சுமந்துபோய் அடுத்தவருக்குச் சொல்பவருக்கும் அதே பெயர்தான். ஹஜ்ஜில் துல்ஹஜ் 8ஆம் நாளை ‘யவ்முத் தர்வியா’ என்பதும் இதே வேரால்தான். மினாவுக்குப் புறப்படுமுன் ஹாஜிகள் தண்ணீர் நிரப்பிக்கொண்ட நாள் அது.

இனி ‘சுவர்க்கத்தின் வாசல்’. அது சொல்லின் கருத்தல்ல. அந்தச் சொல்லைப் பெயராகக் கொண்ட வாசல் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். சுவர்க்கத்துக்கு எட்டு வாசல்கள், அதில் ஒன்று ‘அர்ரய்யான்’, நோன்பாளிகள் மட்டுமே அதனால் நுழைவார்கள், அவர்கள் நுழைந்ததும் அது மூடப்படும் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் 1896ஆம், 3257ஆம் இலக்கங்களில் பார்க்கலாம், முஸ்லிம் என்ற தொகுப்பிலும் உண்டு. உலகத்தில் தாகித்திருந்தவர்களுக்குத் தாகம் தீர்ந்த வாசல். பெயரும் ஆளும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! கருத்துக் கேட்பவர்களுக்கு, ‘தாகம் தீர்ந்தவன், நோன்பாளிகளின் சுவர்க்க வாசலின் பெயர்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘குர்ஆனில் வரும் பெயர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. ரய்யான் என்ற சொல் அல்குர்ஆனில் இல்லை. அதில் வருவது ‘ரைஹான்’, 55:12இலும் 56:89இலும். நறுமணச் செடியைக் குறிக்கும் சொல் அது. உங்களைக் குழப்பிய ‘நறுமணம்’ அங்கிருந்து வந்ததுதான். ரைஹானில் நடுவே ‘ஹா’ இருக்கிறது, வேரும் வேறு. ‘சிறிய ராசா’வோ இன்னும் தூரத்துச் சங்கதி. அது ஐரிஷ் குடும்பப் பெயராகத் தொடங்கி ஆண்பிள்ளைப் பெயராகிப்போன ‘ரயன்’ என்பதற்குச் சொல்லப்படும் கருத்து. அரபுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்று வேறு பெயர்களின் கருத்துகளை ஒரே பெயரின் தலையில் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஆட்பெயராக இது பழையதுதானா என்றால், ஆம். யூசுஃப் நபி காலத்து எகிப்து மன்னரின் பெயரை ‘அர்ரய்யான் பின் அல்வலீத்’ என்று தபரீ போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆகவே யாரோ அண்மையில் கட்டிய பெயரென்று மாமி நினைக்க வேண்டியதில்லை.

மாமியின் ‘அப்துர்’ பற்றி. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனால் விளங்கப்படுத்துங்கள். ‘அப்து’ என்றால் அடிமை. அது அல்லாஹ்வின் திருநாமங்களுக்கு முன்னால் மட்டுமே வரும். ரய்யான் திருநாமம் அல்ல. தாகம் தீர்வது படைப்புக்குரிய தன்மை. ‘அப்துர் ரய்யான்’ என்றால் ‘தாகம் தீர்ந்தவனின் அடிமை’ என்றாகிவிடும். ‘அப்துர் ரஹ்மான்’, ‘அப்துர் ரஸ்ஸாக்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு ரகரத்தில் தொடங்கும் எந்தப் பெயரோடும் ‘அப்துர்’ ஒட்டும்போலத் தெரியும். அங்கே ‘ர்’ வருவது ‘அல்’ என்பதன் லாம் (ல் எழுத்து), அடுத்த றாவோடு கலப்பதால்தான். அதனால் ‘அப்துர்’ தனியாக ஒரு பெயரே அல்ல.

மாமிக்கு அப்து இருந்தே ஆகவேண்டுமென்றால் ‘அப்துர்ரஹ்மான்’ என்றே வைக்கலாம். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர்ரஹ்மானும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அப்படி வைத்தால் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்து எழுதினால் வெளிநாட்டில் ‘அப்துர்’ ஒரு பெட்டியிலும் ‘ரஹ்மான்’ இன்னொரு பெட்டியிலும் விழுந்து, பிள்ளையை ‘அப்துல்’ என்று மொட்டையாகக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

ஸாஹிர் பற்றிக் கேட்டது மிக நல்லதாகப் போயிற்று. தமிழ் எழுத்து நம்மை அதிகம் ஏமாற்றுவது இப்படியான பெயர்களில்தான். தமிழில் ‘ஸ’ ஒன்றுதான். அரபியில் அந்த இடத்தில் வரக்கூடிய எழுத்துகள் பல. ‘ஸாஹிர்’ என்று தமிழில் எழுதியதைக் குறைந்தது நான்கு விதமாக வாசிக்கலாம். ஸே (ز) எழுத்தில் தொடங்கினால் ஒளிர்பவன், மலர்ந்தவன். ளோ (ظ) எழுத்தில் தொடங்கினால் வெளிப்படையானவன். அல்குர்ஆன் 57:3இல் அல்லாஹ்வின் நாமமாக வருவது இதுவே. ஸீனும் மெல்லிய ஹேயும் வந்தால் இரவில் கண்விழித்திருப்பவன். ஸீனும் அழுத்தமான ஹாவும் வந்தால் சூனியக்காரன். ‘சூனியக்காரன் எங்கே போனாலும் வெற்றி பெறமாட்டான்’ என்று 20:69இல் வருவது இந்தச் சொல்தான். ஒரே தமிழ் எழுத்துக்குள் ஒளியும் இருக்கிறது, சூனியமும் இருக்கிறது!

மாமாவின் பெயர் எது என்பதைத் தமிழ்ப் பத்திரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவருடைய நிக்காஹ் பதிவில் அரபெழுத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பழைய கிதாபு எதிலாவது தன் கையால் பெயர் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் இசட்டில் தொடங்கினால் முதல் இரண்டில் ஒன்று, எஸ்ஸில் தொடங்கினால் கவனம் தேவை. இலங்கையில் ளோ எழுத்தை லகரமாகச் சொல்லும் பழைய வழக்கமும் உண்டு. அதனால்தான் ‘ளரீஃப்’ நம்மிடம் லரீஃப் ஆயிற்று, ‘ளாஃபிர்’ லாபிர் ஆயிற்று. மாமாவை ஊரில் யாராவது ‘லாஹிர்’ என்று கூப்பிட்டிருந்தால் அவர் பெயர் ளோவில் தொடங்குவதே. அப்படியானால் அந்தப் பெயரின் முன் அப்து சேர்க்கலாம். மாமியின் இரண்டு ஆசையும் ஒன்றாக நிறைவேறும். மாமாவின் நினைவுக்காக இரண்டாம் பெயராக வைத்தாலும் அழகுதான். ஆனால் எழுத்தை உறுதிப்படுத்தாமல் வைக்க வேண்டாம்.

‘எல்லா வீட்டிலும் ரயான்’ என்பது ஓரளவு உண்மை. காரணங்களும் தெளிவு. அய்ன், காஃப், அழுத்தமான ஹா என்று தமிழ் நாவுக்குக் கடினமான எழுத்து எதுவும் இதில் இல்லை. இரண்டே அசை. பக்கத்து வீட்டுத் தமிழ் ஆச்சியும் பிழையில்லாமல் கூப்பிடுவா. றமழானில் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு நோன்பாளிகளின் வாசல் உடனே நினைவுக்கு வருகிறது. கட்டாரில் வேலை செய்தவர்களுக்கு அர்ரய்யான் என்ற ஊர் பழக்கம். 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் நடந்த மைதானங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்பவர்களுக்கு, ‘ரயன்’ போல ஒலிப்பதால் பாடசாலையில் உறுத்தாது என்ற எண்ணம்.

வெளிநாட்டுப் புள்ளிவிபரங்களைப் பார்த்து ‘இது 10ஆம் இடம், அது 50ஆம் இடம்’ என்று சொல்பவர்களைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அந்தப் பட்டியல்கள் பெயரை எண்ணுவதில்லை, எழுத்துக்கூட்டலை எண்ணுகின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் 2023இல் முஹம்மத் என்ற பெயரின் ஒரு எழுத்துக்கூட்டல் மட்டும் 4,661 பிள்ளைகளோடு முதலிடம் பிடித்தது. அதே பெயரின் மற்ற எழுத்துக்கூட்டல்கள் வேறு வேறு பெயர்களாகக் கீழே எண்ணப்பட்டன. ரய்யானுக்கும் அப்படித்தான்: ஒரு வை, இரண்டு வை, ஏ-ஐ-வை என்று சிதறிக் கிடக்கும். அந்தப் பட்டியல் சோனகதெருவில் உங்கள் மகனுடைய வகுப்பில் எத்தனை ரய்யான் இருப்பார்கள் என்று சொல்லாது. அதற்குப் பக்கத்துக் குர்ஆன் மதரஸாவிலும் பாலர் பாடசாலையிலும் ஒருமுறை கேட்டாலே போதும். நம்மிடம் வாப்பாவின் பெயர் முன்னால் வருவதால், ஒரே வகுப்பில் இரண்டு பேர் இருந்தாலும் முதலெழுத்துகள் பிரித்துக் காட்டும். பெயர் பரவலாக இருப்பதை மட்டும் காரணமாக வைத்து இதைக் கைவிட வேண்டாம் என்பது என் எண்ணம்.

கணவரின் தம்பி சொல்லும் ஆர்-வை-ஏ-என் வேண்டாம். அப்படி எழுதினால் ஆங்கிலம் பேசுபவர் ‘ரயன்’ என்றே வாசிப்பார். யாவின் ஷத்தும் போய்விடும், ‘ஆ’ நெடிலும் போய்விடும். பெயரே ஐரிஷ் பெயராகிவிடும். ஆர்-ஐ-வை-ஏ-என் என்றால் ‘ரியான்’. அதுவும் அல்ல. ஆர்-ஏ-வை-வை-ஏ-என் என்று இரண்டு வை போட்டு எழுதுங்கள். அரபு எழுத்தை எழுத்துக்கு எழுத்து காட்டுவது அதுதான்.

தமிழில் ‘ரய்யான்’. ‘ரையான்’ என்றும் எழுதலாமே என்பீர்கள். இலக்கணப்படி ‘அய்’யும் ‘ஐ’யும் ஒன்றுக்கொன்று போலிதான், ஐயா, அய்யா இரண்டும் எழுதுகிறோம். ஆனால் ‘ரை’ என்று எழுதினால் நம்மவர்கள் அந்த ஐகாரத்தைக் குறுக்கி வாசிப்பார்கள், அழுத்தம் விழாது. ஆங்கிலத்துக்கு மாற்றுபவரும் ஏ-ஐ என்று போட்டுவிடுவார். கிழக்கு மாகாணப் பக்கம் ‘ற’ போட்டு ‘றய்யான்’ என்று எழுதுவார்கள். அது பிழையல்ல, கணவரின் குடும்பத்தில் ‘ற’ வழக்கமாக இருந்தால் அதையே எழுதுங்கள். எதை எழுதினாலும் எல்லாப் பத்திரத்திலும் அதுவே இருக்கட்டும். கணினிக்கு ரவும் றவும் இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

இப்போது பதிவு. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். உங்களுக்கு இன்னும் 23 நாள் இருக்கிறது. மூன்று மாதம் தாண்டிவிட்டால் காலம் பிந்திய பதிவாகி, பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கூடுதல் ஆவணங்களோடு அலைய நேரிடும். குழந்தை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே பதிய வேண்டும், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரியவரிடம் அல்ல. வைத்தியசாலை தந்த பிறப்பு அறிக்கை, உங்கள் விவாகச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கையில் கொண்டுபோங்கள்.

போகுமுன் ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளையின் முழுப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதுங்கள். வாயால் சொல்லி எழுதுவிக்க வேண்டாம்; நீங்கள் ‘ரய்யான்’ என்று சொன்னாலும் எழுதுபவரின் காதில் ‘ரயான்’ என்றுதான் விழும். ‘முஹம்மத்’ சேர்ப்பதானால் முழுதாக எழுதுங்கள், ‘மு.’ என்றோ ‘முஹ.’ என்றோ சுருக்க வேண்டாம். கையொப்பம் இடுமுன் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். குறிப்பாகப் புள்ளிகள். ‘ய்’யின் புள்ளி விடுபட்டால் ‘ரயயான்’, ‘ன்’னின் புள்ளி விடுபட்டால் ‘ரய்யான’. கையெழுத்தில் புள்ளி போடாமல் எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு, தட்டச்சில் அது அப்படியே ஏறிவிடும்.

வாப்பாவின் பெயரில்தான் எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குச் சிக்கல் அதிகம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போன குடும்பமென்றால், கணவரின் பிறப்புச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தது, பாடசாலைப் பதிவு புத்தளத்தது, அடையாள அட்டை பிறகு எடுத்தது என்று ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கக்கூடும்: முகம்மது, மொஹமட், முஹம்மத். பிள்ளையின் பதிவில் வாப்பாவின் பெயரை அவருடைய பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், வீட்டில் வழங்கும்படி அல்ல. சான்றிதழ் கையில் இல்லையென்றால் முதலில் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று எடுங்கள். அடையாள அட்டையில் வேறுவிதமாக இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டி அட்டையைத் திருத்துவதைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். 42 நாளை அதற்காக விட்டுவிட வேண்டாம்.

பெயர் வரிசையையும் இப்போதே தீர்மானியுங்கள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. ‘நிஸார் முஹம்மத் ரய்யான்’ என்று வைத்தால் கடைசியில் நிற்கும் ரய்யானே குடும்பப் பெயராகிவிடலாம், வெளிநாட்டில் பிள்ளையை ‘முஹம்மத்’ என்றோ வாப்பாவின் பெயரிலோ கூப்பிடுவார்கள். ‘முஹம்மத் ரய்யான் நிஸார்’ என்று வைத்தால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் இங்கே பாடசாலை இடாப்பில் ‘மு.ர. நிஸார்’ என்று வாப்பாவின் பெயரே பிள்ளையின் பெயராக நிற்கும். இங்கேயே வாழப்போகும் பிள்ளையென்றால் முதல் வரிசைதான் இலகு என்பேன்.

பிழையாகப் பதிந்தால் பின்னர் மாற்ற வழி உண்டு. பிள்ளை சிறுவனாக இருக்கும்போது பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் பதிந்த பெயர் அழிந்துபோகாது. பதிவின் பின் மாற்றிய பெயர் தனிக்கூட்டில் ஏறும். பிற்காலத்தில் விசாவுக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் விளக்கம் கேட்பார்கள்.

ஏழாம் நாள் தாண்டியதற்காக மனம் வருந்த வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமுக்குப் பிறந்த இரவே பெயர் வைத்ததும் ஹதீஸில் இருக்கிறது, ஏழாம் நாள் பெயர் வைப்பதும் இருக்கிறது. இரண்டுக்கும் இடம் உண்டு. பிந்தியதால் பெயர் செல்லாமல் போவதில்லை. அகீகாவை (பிள்ளை பிறந்ததற்காக ஆடு அறுத்துக் கொடுப்பதை) ஷாஃபி மத்ஹபின்படி (சட்ட வழியின்படி) பிள்ளை பருவமடையும்வரை கொடுக்கலாம். ஏழு தவறினால் 14, 21 என்று பார்ப்பதும் வழக்கம். நாளை மறுநாள் 21. ஆண்பிள்ளைக்கு இரண்டு ஆடு. இரண்டுக்கு வசதி இல்லையென்றால் ஒன்று கொடுத்தாலும் சுன்னத், அதாவது நபிவழி, நிறைவேறும். இறக்கிய முடியை நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளியின் பெறுமதியைத் தர்மம் செய்யுங்கள். பிறந்த பிள்ளையின் முடி சில கிராம்தான் வரும், கையில் உள்ள காசிலேயே முடியும்.

பெயர் சொல்ல மௌலவியை அழைக்கும்போது அந்த வெள்ளைத்தாளில் அரபெழுத்திலும் பெயரை எழுதிக் கொடுங்கள், யாவின் மேல் ஷத்து போட்டு.